பிரெஞ்சில் பிடித்த சண்டை

பாரிஸ், 12.3.1988

அன்புள்ள மேரிறோஸுக்கு,

நான் நல்ல சுகம். உமது இருமல் விட்டதா?

இங்கே தமிழ்க்கடைகள் நிறைந்த லாசப்பலில் ஞாயிறுதோறும் என் சிநேகிதன் பேனாட்டும் நானும் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறோம். பாடத்தில் அம்மா சமைக்கிறார், அப்பா பத்திரிகை வாசிக்கிறார்.

"ஏன் இப்பிடி எழுதினவை எண்டு பிள்ளையள் கேக்கவேணும்" என்கிறான், இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேனாட். முதலில் எழுத்து வரட்டும் என்பது என் கட்சி. எங்கள் பிணக்கு பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாதென்று, போன ஞாயிறு பிரெஞ்சில் சண்டை பிடித்தோம். வகுப்பே வாய்மூடிக் கேட்டது. அவர்கள் கிழமை முழுக்கப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போகிறவர்கள் என்பதை இருவரும் மறந்துபோனோம்!

"சேர், உங்கடை வீட்டிலை ஆர் சமைக்கிறது?" என்றாள் ஒரு சிறுமி.

"நான்தான்" என்றேன். பேனாட் வென்றுவிட்டான்.

மீன்குழம்புக்கு எப்போது புளி விடுவதென்று எழுதும். ஒரு சட்டி வைத்தால் மூன்று நாளைக்குக் கிடக்கிறது. தபாற்கந்தோரைப் பூட்டப்போகிறார்கள், இத்தோடு முடிக்கிறேன். நீர் இங்கே என்னோடு வந்து சேர்ந்த பிறகும் பத்திரிகையோடு இருந்துவிடமாட்டேன், சத்தியம்.

உமது
நீக்கிலாஸ்