மாமி வந்த கொப்பன்ஹேகன்

மே 11

கணவன் ஜெனோசனை விட்டு வந்து மூன்று மாதம். டோர்செட் பார்க்கில் அம்மாவின் அப்பார்ட்மென்ட், சோபாவில் படுக்கை. இரண்டாம் தடவையும் கை நீட்டினான், வந்துவிட்டேன். அம்மாவுக்கு அந்தக் காரணம் காணாது. குடிக்கிறானா? இல்லை. வேறு பெண்ணா? இல்லை. பிறகென்ன என்கிறார்.

இன்று அட்சயாவும் றோஸ்மேரியும் வந்தார்கள். பத்தாம் வகுப்பிலிருந்து என்னைப் பொறுத்துக்கொள்ளும் இரண்டு பேர். ஜூனில் மூவரும் கொப்பன்ஹேகன் போகிறோமாம், வாடகைச் சைக்கிளில் ஊர் சுற்றப் போகிறோமாம். கேட்கவில்லை, அறிவித்தார்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மே 25

ஏரிக்கரையில் வாடகைச் சைக்கிள் எடுத்துப் பழகினோம். றோஸ்மேரி நேராகப் போய்ப் செடிப் பற்றைக்குள் விழுந்தாள். வயிறு நோகச் சிரித்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் அழுகை வந்தது. ஏன்? தெரியாது.

ஜூன் 8

அப்பாவின் தங்கை யோகமலர் மாமி டென்மார்க்கில், ஹேர்னிங்கில் இருக்கிறார். கொப்பன்ஹேகனிலிருந்து நீண்ட ரயில் பயணம். அவருக்குச் சொல்லாமல் அந்த நாட்டில் கால் வைத்தால் இனி எங்கள் வீட்டுச் செத்தவீட்டுக்கும் வரமாட்டார் என்று அம்மா பிடிவாதம். சரியென்று போன் எடுத்தேன். தங்கும் இடத்தின் விலாசத்தைக் கொடுத்து, வசதிப்பட்டால் வாங்கோ மாமி என்றும் சொன்னேன். மரியாதைக்கு. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், கேட்பவரும் ஓம் ஓம் என்றுவிட்டு மறந்துவிடுவார்.

ஜூன் 19, கொப்பன்ஹேகன்

இங்கே சைக்கிளுக்குத் தனிப் பாதை. நிற்பதென்றால் முதலில் கையை உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருபவர்கள் மணியடித்தே கொன்றுவிடுவார்கள். சூட் போட்ட கிழவர், முன்பெட்டியில் இரண்டு பிள்ளைகளை ஏற்றிய தாய் — எல்லோரும் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். அட்சயா வழி சொல்ல, றோஸ்மேரி வேறு பக்கம் திரும்ப, கடைசியில் நான். துறைமுகத் தண்ணீருக்கு மேலே சைக்கிளுக்கென்றே ஒரு பாலம். அதில் இறங்கும்போது மிதிக்கவே தேவையில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்கு வயது முப்பத்தாறு. சத்தம் போடக்கூடாத வீடுகளில்தான் இவ்வளவு காலமும் இருந்திருக்கிறேன்.

ஜூன் 20

முழு நாளும் அவனை நினைக்கவில்லை. இதை எழுதும்போதுதான் நினைவு வருகிறது.

ஜூன் 21

மத்தியானம் சைக்கிள்களைப் பூட்டிவிட்டு வந்தால், வாசலில் மாமி. ஒரு குளிர்ப்பை நிறைய நண்டுக்கறி, குழல்புட்டு. அட்சயா சைவம் என்று அம்மாவிடம் கேட்டறிந்து அவளுக்குத் தனியாகக் கத்தரிக்காய்க் குழம்பு. விடியுமுன் எழும்பிச் சமைத்திருக்கிறார். என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். இவரை எப்படி வெறுப்பது?

சாப்பிட்டு முடியுமுன் தன் போனை என் கையில் வைத்தார். வீடியோவில் ஜெனோசன், எங்கள் அஜக்ஸ் வீட்டுச் சமையலறையில். அவனும் அழுதான். எல்லோரும் அழுகிறார்கள், அடி வாங்கியவளைத் தவிர.

ஜூன் 22

அட்சயாவும் றோஸ்மேரியும் என்னையும் இழுத்துப் பார்த்தார்கள். வீடு தேடி வந்தவரை விட்டுவிட்டு எப்படிப் போவது? அவர்கள் போனார்கள். என் சைக்கிள் கீழே பூட்டியபடி நின்றது.

மாமி விஷயத்துக்கு வந்தார். தங்கை நிலக்சிக்கு லண்டனில் ஒரு மாப்பிள்ளை, டொக்டர். மாமி ஊடாகத்தான் பேச்சு. அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதானாம்: மூத்தவள் ஏன் தாய் வீட்டில் இருக்கிறாள்?

"நீ அவனோட போய் இருந்தால் இது சரிவரும் பிள்ளை. உன்ர தங்கச்சியின்ர வாழ்க்கையும் இப்ப உன்ர கையிலைதான் கிடக்கு."

நிலக்சிக்குத் தெரியுமா என்றேன். முற்றாகாத பேச்சைப் பெட்டைப்பிள்ளையிடம் சொல்லி மனதைக் குழப்பக்கூடாது, நீயும் வாய் திறக்காதே என்றார். எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம். என் கல்யாணப் பேச்சும் முற்றான பிறகுதான் என் காதுக்கு வந்தது.

பின்னேரம் திரும்பிவந்த அட்சயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போகாதே என்றாள். ஒரு தரம்தான் சொன்னாள். என் முகத்தில் எதைப் பார்த்தாளோ, நிறுத்திவிட்டாள்.

ஜூலை 6, அஜக்ஸ்

அவன் என் பெட்டியைத் தூக்கி மேலே கொண்டுபோய் வைத்தான். அம்மா கூடவே வந்து பால் காய்ச்சினார், புதுவீடு குடிபுகுவது மாதிரி. அவர் முகத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்துக் கனகாலம். நிலக்சி ஒட்டாவாவிலிருந்து போனில் ஒரு சிவப்பு இதயம் அனுப்பினாள். நான் வாய் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 3

மூன்றாம் தடவை. இம்முறை மன்னிப்புக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 30

நிலக்சி சொல்லாமல் கொள்ளாமல் காரில் வந்து இறங்கினாள். அவன் வேலைக்குப் போயிருந்தான். கதவு திறந்ததும் என் முழங்கைக் காயத்தைப் பார்த்தாள். மறைக்க நேரமில்லை. பிறகு மறைத்து என்ன? எல்லாவற்றையும் சொன்னேன், லண்டன் சம்பந்தம் வரைக்கும்.



"அம்மா மேயிலையே என்னட்டைக் கேட்டவ, அக்கா. எனக்கு வேண்டாம் எண்டு அப்பவே சொல்லிட்டன். ஐ டோல்ட் ஹெர். நீ விரும்பித்தான் இவரிட்டைத் திரும்பிப் போனாய் எண்டு நான் நினைச்சன்."

அம்மா மாமிக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. இவள் மனம் மாறுவாள் என்று காத்திருந்தாராக்கும்.

பெட்டியை எடு, இப்பவே போவோம் என்றாள். கார்ச் சாவியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அடுப்பிலை சோறு போட்டிருக்கிறன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இன்னொரு தடவை வெளியே வந்து, இன்னொரு தடவை எல்லோருக்கும் காரணம் சொல்ல என்னால் ஏலாது. என்னிடம் இருந்ததெல்லாம் முதல் தடவையிலேயே முடிந்துவிட்டது. அவளிடம் இதைச் சொல்லவில்லை.

அவள் வெளியே போய்க் காருக்குள் கனநேரம் இருந்தாள். பிறகு போய்விட்டாள். சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது.