அம்சா நிரப்பிய காற்று

புதன், இரவு.

இன்று, கடலில் முழுகும்போது மூச்சுக்கு எடுத்துப்போகும் சிலிண்டரில் புகை ஏறிவிட்டது. தவறு என்னுடையதுதான். காலையில் கரைக்காற்று அடித்ததால் கம்ப்ரசர் காற்றிழுக்கும் குழாயை மேற்குப் பக்கம் வைத்தேன். நடுவில் கடல்காற்று திரும்பியதைக் கவனிக்கவில்லை. எஞ்சின் புகை நேராகக் குழாய்க்குள் போயிருக்கிறது. நிரப்பி முடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தால் ஒரே பெட்ரோல் வாடை. அத்தனை காற்றையும் திறந்து வெளியே விட்டேன்.

கல்யாணமான நாளிலிருந்து இது அம்சாவின் வேலை. முந்தானை பறக்கும் திசையைப் பார்த்தே குழாயை மாற்றி வைப்பாள்.

அதற்குள் அவள் அண்ணன் படகோடு வந்து நின்றான். கடலடியில் கிடக்கும் பழைய படகில் வலை மாட்டிக்கொண்டதாம். "இன்னா மச்சான், முழுகுவியா மாட்டியா? நீரோட்டம் மாறினா வலை கிழிஞ்சிரும்."

மீதி இருந்தது ஒரே சிலிண்டர். அம்சா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகுமுன் நிரப்பிவைத்தது. இத்தனை நாள் அதைத் தொடாமல் வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு போய் வலையை மீட்டுக் கொடுத்தேன்.

ராத்திரி அவள் போன் செய்தாள். புகை ஏறியதைச் சொன்னேன்.

"காத்து திரும்பினா குழாயத் திருப்பணும்னு எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன்!" என்று கத்தினாள். கேட்க நன்றாக இருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள். "நான் ரொப்பினது இன்னும் கீதா?"

"கீது" என்றேன்.

பொய்யில்லை. உள்ளே தண்ணீர் புகாமலிருக்க, சிலிண்டரில் கொஞ்சம் காற்றை மிச்சம் வைத்துத்தான் மேலே வருவோம். இன்று வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டேன்.

நாளை அந்த மிச்சத்தின்மேல்தான் புதுக்காற்றை ஏற்ற வேண்டும்.