பேனிக் என்று மூன்று இடத்தில்

பிப்ரவரி 10, திங்கள்

கம்பெனி பஸ் பத்து நிமிடம் லேட். டயர் என்றான் டிரைவர். இறங்கிப் பார்த்தேன், டயர் நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது சீட்டில் வழக்கம்போல் நானும் பிரித்திகாவும். அரக்கோணத்துப் பெண், இங்கே ஆந்திராவில், நாகலாபுரத்தில் எங்கள் தெருவில் ரூம் எடுத்திருக்கிறாள், ஆபீஸில் டைப் வேலை. லைனில் சார்ஜர் செய்யும் எங்களுக்கு இங்கிலீஷில் எந்தப் பேப்பர் வந்தாலும் அவள் "ஒண்ணும் இல்லக்கா, போடுங்க" என்றால் கையெழுத்துப் போட்டுவிடுவோம். நம்ம தமிழ்ப் பொண்ணு என்ற நம்பிக்கை. இன்று அவளுக்குப் புளிசாதம் கொடுத்தேன். நல்லா இருக்கு என்றாள். நிஜமா சொன்னாளா தெரியவில்லை.

பிப்ரவரி 12, புதன்

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். நாளைக்கே ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

பதினொன்றரை மணி. சார்ஜர் போர்டில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். ஈயப் புகை எனக்கு ஆறு வருஷப் பழக்கம். இது வேறு. ரப்பர் கருகும் வாசனை, தலைக்கு மேலே ஒயர்கள் போகும் தகரப் பெட்டியிலிருந்து. சூட்டுக் கம்பியை ஸ்டாண்டில் வைத்தேன். கையிலிருந்த ஸ்ட்ராப்பைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினேன். (போர்டு கெடாமல் இருக்க, மணிக்கட்டில் பட்டை கட்டி அதை ஒயரால் மேசையோடு இணைத்திருப்பார்கள். எழுந்தால் கழற்றி மாட்ட வேண்டும், அதுதான் ரூல்.) அப்புறம்தான் தூணில் இருக்கும் சிவப்புப் பட்டனை அழுத்தினேன்.

மணி அடித்ததும் எல்லோரும் ஓடினார்கள். எதிர் மேசை பத்மாவதி ஸ்ட்ராப்போடே ஓடினாள். ஒயர் இழுத்துக் குப்புற விழுந்தாள். வலது கை முறிந்துவிட்டது. திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சூப்பர்வைசர் பவன்குமார் வந்து மேலே மோந்து பார்த்தார். "ஏமி லேதே" என்றார், ஒன்றும் இல்லையே என்று. தீ இல்லை, புகையும் இல்லை. அரை மணியில் லைன் ஓடத் தொடங்கியது.

வாசனை இருந்தது. இருந்ததா?

பிப்ரவரி 14, வெள்ளி

பவன்குமார் ஆபீஸுக்குக் கூப்பிட்டு ஒரு பேப்பரை நீட்டினார். "சந்தகம் பெட்டும்மா. கையெழுத்து போட்டுட்டு போய்க்கினே இரு." முழுக்க இங்கிலீஷ். எழுத்துக் கூட்டிப் படித்தேன். என் பெயர் ஸ்வர்ணலதா இருந்தது, பதினொன்றரை மணி இருந்தது. பேனிக் என்று ஒரு சொல் மூன்று இடத்தில் இருந்தது.

பிரித்திகாவைப் பார்த்தேன். "நீங்க பயந்துட்டீங்கன்னு போட்டிருக்குக்கா. அவ்ளோதான்." இதை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நான் அவள் மேசைப் பக்கம் போனதும் லேப்டாப்பை மூடினாள். டைப் அடித்தது வேறு யார்?

நாளைக்குப் போடுகிறேன் சார் என்று வந்துவிட்டேன். வீட்டுக்காரர் கத்துகிறார்: "எல்லாரும் போடற கையெழுத்துதான? போட்டுட்டு வந்து நிம்மதியா சோறு துன்னாம, இன்னாத்துக்கு இந்த ரோதன?"

பிப்ரவரி 15, சனி

என் மகள் சுமித்ரா ஒன்பதாவது படிக்கிறாள். அவள் ஸ்கூல் டிக்ஷனரி இங்கிலீஷ்-தெலுங்கு. அவள் தெலுங்கில் வாசிக்க, நான் தமிழில் எழுதிக்கொண்டேன். பேனிக்: திடீரென்று வரும் பயம். யோசிக்க விடாத பயம். பல நேரம் காரணமே இல்லாதது. ஒருத்தரிடமிருந்து கூட்டத்துக்கே தொற்றுவது.

எப்படி உபயோகிப்பது என்று கீழே ஒரு வாக்கியமும் போட்டிருந்தது. தியேட்டரில் யாரோ தீ என்று கத்த, ஜனங்கள் பேனிக் ஆகி மிதித்துக்கொண்டார்கள்.

"சும்மா பயந்தாக்கூட இந்த வார்த்தைதானாடி?"

"ஐயோ இல்லம்மா. நாய பாத்து பயந்தா ஃபியர். பயந்து ஓடிப்போய் கிணத்துல உழுந்தா அது பேனிக்."

அவ்ளோதானாம்! பாதி அர்த்தத்தைச் சொல்லிவிட்டுப் பாதியை முழுங்கிவிட்டாள் பிரித்திகா. நான் கையெழுத்துப் போட்டால் வாசனை பொய், எனக்குப் புத்தி தடுமாறியது நிஜம், பத்மாவதியின் கை முறிந்தது என்னால். மார்ச்சோடு என் காண்டிராக்ட் முடிகிறது. புதுப்பிப்பார்களா என்ன?

பிப்ரவரி 17, திங்கள்

பஸ்ஸில் பிரித்திகா கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். என் பக்கத்தில் அவள் இடம் காலி.

சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை மறந்து லைனுக்குத் திரும்பினேன். என் மேசைக்கு மேலே ஏணி போட்டு எலக்ட்ரீஷியன் ஏதோ செய்துகொண்டிருந்தான். தூணுக்குப் பின்னால் பிரித்திகா, கையில் போன். என்னைப் பார்த்ததும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். அப்புறம் குழாயடியில் கை கழுவுகிற மாதிரி வந்து, "கையெழுத்து போடாதீங்கக்கா. ஒரு வாரம் லீவ் எடுங்க" என்றாள்.

லீவ் எடுத்தால் ஓடிப்போனாள் என்று எழுதுவார்கள். அதையும் இவளே டைப் அடிப்பாள். நான் அவ்வளவு ஏமாளி இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்றும் போடவில்லை. பவன்குமார் சிரித்தார். அந்தச் சிரிப்பு நல்லதாகப் படவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

பத்மாவதியைப் பார்க்கப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. "உன் மூக்கால என் கை போச்சு. அப்டி இன்னாடி மோந்த நீ?"

திரும்பி வரும்போது ஒன்று தோன்றியது. அந்த வார்த்தைக்குரிய ஆள் நானில்லை, அவள். நான் ஸ்ட்ராப்பைக் கழற்றி மாட்டியது கேமராவில் இருக்கும். அவள் கழற்றாமல் ஓடியதும் இருக்கும். அதைச் சொன்னால் நான் தப்பித்துவிடுவேன். ரூலை மீறினாள் என்று அவள் வைத்தியத்தைக் கம்பெனி கைகழுவிவிடும்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். வெட்கமாக இருக்கிறது. சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

சென்னை ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேராக என் மேசைக்கு மேலே ஏணி போட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். நான் கீழே நின்று பார்த்தேன். மூன்று ஒயர் தூசி படிந்து பழசு. ஒன்று மட்டும் புத்தம்புது மஞ்சள். அதற்குப் பின்னால் தகரம் கருகியிருந்தது.

இருந்தது! என் மூக்கு பொய் சொல்லவில்லை. கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

அவர்கள் கையில் ஒரு போட்டோ இருந்தது, மாற்றுவதற்கு முன்னால் எடுத்தது. பிரித்திகா பவன்குமாருக்காக எடுத்ததுதான் எப்படியோ இவர்களிடம் போயிருக்க வேண்டும். நன்றாக மாட்டிக்கொண்டாள்.

பிப்ரவரி 28, வெள்ளி

என் பேப்பரைக் கிழித்துவிட்டார்கள். பத்மாவதி வைத்தியம் கம்பெனி பொறுப்பு. பவன்குமார் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மார்ச் 5, புதன்

பதினோரு மணி இருக்கும். கட்டுப் போட்ட கையோடு பத்மாவதி லைனுக்கு வந்தாள், ஆபீஸில் ஆஸ்பத்திரிப் பேப்பர் கொடுக்க வந்தவள். என் மேசையில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அந்த டைப்பு பொண்ண அனுப்பிட்டாங்கடி, இப்பதான். அவதான் போட்டோ எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினவளாம். உன் பக்கத்துல உக்காந்தா ரெண்டு பேரும் கூட்டுன்னு சொல்லுவாங்கன்னு, பஸ்ல பின்னால போனாளாம். பவன்குமாரு எதிர்லயே நின்னுக்கினு இருந்தா அவ எப்டி முழு அர்த்தம் சொல்லுவா? பைய தூக்கிக்கினு கேட்டாண்ட நிக்கிறா, பாவம். அவளே சொன்னா."

எழுந்து ஓடினேன். சூட்டுக் கம்பியை எங்கே போட்டேன், தெரியாது. என்ன சொல்லப் போகிறேன், அதுவும் தெரியாது. ஸ்ட்ராப் கையிலேயே இருந்தது. ஒயர் இழுத்து, ஈயத் தட்டோடு மேசைமேல் விழுந்தேன். பத்மாவதி ஒற்றைக் கையால் கழற்றிவிட்டாள். அதற்குள் கேட்டில் ஆட்டோ கிளம்பிவிட்டது.

சாயங்காலம் அவள் ரூமைப் பார்த்தேன், பூட்டியிருந்தது. போன் எடுக்கவில்லை. நாளைக்கும் அடிப்பேன்.

மணிக்கட்டில் சிவப்பாகக் கோடு விழுந்திருக்கிறது. சுமித்ரா எண்ணெய் தடவிக்கொண்டே என்ன ஆச்சு என்று கேட்டாள். பவன்குமாரின் அந்தப் பேப்பரை இன்றைக்கு யாராவது நீட்டியிருந்தால், படித்துப் பார்த்தே கையெழுத்துப் போட்டிருப்பேன்.