பதினோராம் எண் கல்

ஜூலை 21, திங்கள்
காலை டூட்டி. ராத்திரி வெள்ளத்தில் மும்பையின் மித்தி ஆறு எங்கள் சிற்பப் பூங்காவுக்குள் முழங்கால் அளவு ஏறி வடிந்திருக்கிறது. பதினேழு நவீன சிற்பங்களில் பதினாறு அப்படியே நிற்கின்றன. பதினோராம் எண், அந்தக் கறுப்புக் கல், மிதந்து வந்த மரக்கட்டை இடித்துப் பீடத்தை விட்டு விழுந்து கிடக்கிறது. நாளை பெரிய அதிகாரி வருகிறார். என் காவலாளி ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. பழி என் தலையில் விழுந்தால் புதுப்பிக்க மாட்டார்கள்.

தோட்டக்காரர் பூதத்தான் அண்ணன் நாலு ஆட்களோடு கடப்பாரையும் கயிறுமாக வந்தார். "ஏளா ஆனி, எந்தப் பக்கம் மேல வரும்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. மூன்று வருடமாகத் தினமும் அதைத் தாண்டித்தான் நடக்கிறேன் — தெரியவில்லை! அகலமான பக்கம் கீழே இருந்தால்தானே நிற்கும் என்று சொன்னேன். அப்படியே நிறுத்திவிட்டார்கள்.

ஜூலை 22
அதிகாரி காரை விட்டே இறங்கவில்லை. "சேதம் ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 24
மகள் சுஜாவின் போனில் பழைய செல்ஃபி. அவளுக்குப் பின்னால் பதினோராம் எண். குறுகலான பக்கம் கீழே! ஐயோ, தலைகீழா நிப்பாட்டிட்டோமே.

"ஜானே தோ மம்மி, விட்டுரு, யாரு பாக்கப் போறா?" என்கிறாள். கையெழுத்து அவளுடையதா என்ன?

ஜூலை 27
கல்லைச் செய்தவரே செவ்வாய்க்கிழமை வருகிறாராம். ருக்கு என்று மாட்டுங்காத் தமிழ் அம்மா.

ஜூலை 29, செவ்வாய்
ஊன்றுகோலோடு வந்தார். கல்லை இரண்டு முறை சுற்றினார். எனக்குப் பொறுக்கவில்லை. "வெள்ளத்துல விழுந்துட்டும்மா. நாந்தான் இப்படி நிறுத்தச் சொன்னேன். தூக்குனவங்க மேல தப்பில்ல," என்று ஆரம்பித்து, பொய்யாகக் கையெழுத்துப் போட்டது வரை கொட்டிவிட்டேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். "தலைகீழா நிறுத்தினது நீ இல்லைடி. திறப்பு விழா அன்னிக்குக் கிரேன்காரன் பண்ணின வேலை. நான் வர்றதுக்குள்ள ரிப்பனை வெட்டிக் கைதட்டிண்டிருந்தா. வெக்கப்பட்டுண்டு வாயை மூடிண்டேன். ஆறு வருஷமா இந்தப் பக்கமே வரலை. இப்பதான் சரியா நிக்கறது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதன் எதிரிலேயே மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 2, சனி
கல் இப்படியேதான் நிற்க வேண்டும் என்று ருக்கு அம்மா ஆபீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம். இன்று டூட்டிக்குப் போனதும் மற்ற பதினாறின் முன்னாலும் ஒவ்வொன்றாக நின்று பார்த்தேன். ஒன்பதாம் எண் மேல் கொஞ்சம் சந்தேகம். அதைச் செய்தவரின் போன் நம்பர் ஆபீசில் இருக்கும். திங்கட்கிழமை கேட்கிறேன்.