கேட்டுட்டு ஏத்துற விளக்கு

எங்க வீட்டுக்காரவுகளுக்கு, லண்டன்ல இருந்து முருகலட்சுமி கும்பிட்டு எழுதுறது. மக செல்வியும் பச்சப்பிள்ளையும் சுகம். உங்க மூட்டுவலி தேவலையா?

இங்க எதுக்கெடுத்தாலும் ‘கேன் ஐ’, அதாவது ‘செய்யலாமா’ன்னு கேட்டுத்தான் செய்றாக. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நம்ம மாப்பிள்ளை ‘கேன் ஐ’ன்னு தட்டை நீட்டி என்கிட்ட ரசம் கேக்குறாரு! கேக்க விட்டுட்டமேன்னு கூசிப்போனேன். தான் பெத்த பிள்ளையத் தூக்கவும் பொண்டாட்டிகிட்ட ‘கேன் ஐ’!

“ஏன்டி, அடுத்த வீட்டுப் பிள்ளையா அது?”

“இங்க அதாம்மா மரியாதை.”

வெள்ளிக்கிழமை நானும் மரியாதையா, “கேன் ஐ, விளக்கேத்தட்டா?”ன்னேன்.

“வேணாம்மா, புகைக்கு அலாரம் அடிச்சிரும்.”

கேட்டா வேணாம்னும் சொல்லுவாகன்னு எனக்குத் தோணவே இல்ல.

அங்க நம்ம வீட்ல திரி டப்பா அடுப்படி மேல்தட்டுல இருக்கு. சாயங்காலம் நீங்க ஏத்துங்க, யாரையும் கேக்க வேண்டியதில்ல.

பிள்ளை அழுகுது, நிறுத்துறேன்.