வழக்கு என்று எழுதியிருந்தாய்

ஒரத்தநாடு,
கார்த்திகை 14

என் உடன்பிறந்தாள் பெற்ற செல்வம் வானதிக்கு, மாமன் அமிர்தலிங்கம் எழுதிக்கொண்டது. இங்கு எல்லாரும் சுகம். டெல்லிக் குளிரில் உன் உடம்பைப் பார்த்துக்கொள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நாளைக்கே அது சாட்சியாக வந்து நிற்கும் என்று பத்திரம் எழுதும் பஞ்சநதம் எச்சரித்தான். ஆகவே தபால்.

சம்பா நன்றாகப் பிடித்திருக்கிறது. என் பயிரைப் பார்க்க மூன்று மாவட்டத்து வேளாண் அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வரப்பில் ஏறினார்.

விஷயத்துக்கு வருகிறேன். பெண்களின் நிலப்பங்கில் தஞ்சை வழக்கு பற்றி ஆராய்வதாகவும், விவரம் கேட்க உன்னோடு ஆராயும் சூர்யபிரகாஷ் வருவார் என்றும் எழுதியிருந்தாய். எனக்குத் தெரிந்த வழக்கு கோர்ட்டில் நடப்பது ஒன்றுதான். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தஞ்சாவூர் கோர்ட்டில் நான் நுழைந்தால் வக்கீல்கள் எழுந்து இடம் விடுவார்கள். சொந்த மருமகளே பிராது கொடுத்தால் அங்கே எந்த முகத்தோடு போவேன்?

அந்தத் தம்பி வந்தார். சமூகம் மாறினால் சட்டம் எப்படி மாறும் என்று பழைய ஜெர்மன் பெரியவர்கள் கேட்டார்களாம். நீங்களோ, சட்டம் இருந்தும் மக்கள் ஏன் கோர்ட்டுக்குப் போகாமல் இருக்கிறார்கள், மனசுக்குள் எதைச் சட்டமாக வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறீர்களாம். ஊர் நடந்துகொள்வதுதான் உயிருள்ள சட்டம் என்று அந்தப் பெரியவர்களிலேயே ஒருவர் சொல்லியிருக்கிறாராம். அந்த வேரில் முளைத்ததுதான் உங்கள் படிப்பாம். இதையே நான் முப்பது வருஷம் முன்பு பஞ்சாயத்தில் சொன்னேன், யாரும் அச்சடிக்கவில்லை.

பேச்சு ஜெர்மனியில் இருந்தாலும் அவர் கண் வடக்கு வயலில்தான் இருந்தது. களையெடுத்த பெண்களிடம் அதற்கு என்ன பெயர் என்று கேட்டார். "பிரகதா வயலுங்க" என்றார்கள், ஒருத்தி விடாமல். உன் அம்மா பிரகதாவின் கல்யாணத்தில், இந்த வயல் அவளுக்குத்தான் என்று எங்கள் அப்பா வாய்வார்த்தையாகச் சொன்னாராம். பட்டா என் பெயரில் இருக்கிறது. நான் சீர் செய்யாமல் விட்டேனா? உன் காதுகுத்துக்கு எட்டு வண்டி சீர். ஒன்பது என்று சொல்வோரும் உண்டு. பங்குக்குப் பதில் சீர், அதுதானே நம் பக்கத்து முறை?

மறுநாளே, வயலில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று அவள் விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிக்கொண்டு தஞ்சாவூருக்கு உன் அம்மாவிடம் போனேன். படித்துவிட்டுச் சிரித்தாள். "அண்ணே, அவ கேஸ் போடல. வழக்குன்னா வழக்கம். ஊரு எப்படி நடக்குதுன்னு எழுதுறா" என்றாள். அப்படியானால் கையெழுத்துப் போடேன் என்றேன். "நான் கேக்கவே இல்லியே, எதை விட்டுக்குடுக்குறது?" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விட்டாள். அந்தக் கேள்வி நீ சொல்லிக்கொடுத்ததா?

பத்திரம் என் பையிலேயே இருக்கிறது. நீ புத்தகத்தில் எதை வேண்டுமானாலும் எழுது, என் படத்தையும் போடு. வயலின் பெயரை மட்டும் வடக்கு வயல் என்று போட்டுவிடு, தாயி.

அப்பா சொன்னது எனக்கு நினைவில்லை. பந்தலில் அவர் பக்கத்தில்தான் நின்றேன். ஆனாலும் நினைவில்லை.

தை அறுப்புக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு வா. அந்த வயலில் முதல் அரிவாள் அவள்தான் வைக்க வேண்டும் என்று அந்தப் பெண்கள் சொல்கிறார்கள். நான் மறுப்புச் சொல்லவில்லை. நீ நூறு வருஷம் நன்றாக இரு.

உன் மாமன்,
அமிர்தலிங்கம்