பருத்திக்குப் போட்ட ஊசி

இடைசெவல்
கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கற்பகத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. செண்பகவல்லித் தாய் புண்ணியத்தில் நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பனி தேசத்தில் சளி, இருமல் இல்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் இங்கே நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை அந்த வார்த்தையில் நின்றுவிட்டது. போனில் சொல்லலாமென்றால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதனால் தாளில் எழுதி, பக்கத்து வீட்டு ஆட்டோ இசக்கிமுருகனிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்லப் போகிறேன். முழுவதும் படித்து முடி, படித்த கையோடு போன் பண்ணிவிடாதே.

மழை இந்த வருஷம் பிந்தித்தான் இறங்கியது. வடகாட்டில் உளுந்தும் பாசியும் போட்டிருக்கிறேன், முளைப்பு பரவாயில்லை, மக்காச்சோளத்தை விட்டுவிட்டேன், புழுவோடு மல்லுக்கட்ட உடம்பில் தெம்பில்லை. பசுவந்தனை முனீஸ்வரன் சித்தப்பா தவறியது உனக்குத் தெரியும். அவர் கருமாதிக்கு நான் போயிருந்த அன்றுதான் இங்கே அது நடந்தது. கற்பகம், நம் பருத்தி செத்துப்போய்விட்டது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வரவில்லை. நீ பஞ்சுக் குடோன் வாசலில் கிடந்த பூனைக்குட்டியைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்ததும், வெள்ளை வெளேரென்று இருக்கிறதென்று அந்தப் பேரை வைத்ததும் எழுத எழுத நினைவில் வருகிறது. எப்படிப் போயிற்று என்று நீ கேட்பாய், முதலிலிருந்தே சொல்கிறேன், அப்போதுதான் உனக்கு அம்மா மேல் கோபம் வராது.

சித்திரையில் அது தொட்டித் தண்ணீரை ஓயாமல் குடித்தது, எவ்வளவு தின்றாலும் இளைத்தது, பின்னங்கால் குதி தரையில் படும்படி தவழ்வது போல நடந்தது. அது மூத்திரம் பெய்த இடத்தில் எறும்பு மொய்த்து அம்மா காலைக் கடித்துவிட்டது. எனக்கு இருக்கிற சீக்குதான் இதுக்கும் வந்திருக்கு, டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போங்க என்று அவள்தான் என்னை விரட்டினாள். கோவில்பட்டியில் மாட்டு டாக்டர் சுந்தரேஸ்வரி பார்த்தார், சர்க்கரைதான் என்றார். காலையும் மாலையும் ஒவ்வொரு யூனிட் இன்சுலின் போட ஆரம்பித்தோம். நீ அனுப்பிய மிஷினில் காது ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பேன், அம்மா அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருப்பாள், பிடரித் தோலை அவள் தூக்கிப் பிடிக்க நான் ஊசி போடுவேன். ஆனி மாதம் ஊர்க்கொடையில் வேட்டுப் போட்ட அன்று சர்க்கரை எக்கச்சக்கமாகக் காட்டியது. நான் பயந்துபோய் மருந்தைக் கூட்டலாமா என்று கேட்டேன். டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அண்ணாச்சி, பூனை பயந்தாலே சர்க்கரை ஏறும், ஒரு நாள் கூடியிருக்குன்னு மருந்தக் கூட்டிராதீங்க, ஒரு வாரமாவது ஒரே அளவுல போட்டு, ஒரு நாள் முழுக்க விட்டு விட்டுக் குத்திப் பாருங்க, எவ்வளவுக்கு இறங்குதுன்னு பாத்துட்டுத்தான் அரை யூனிட் ஏத்தணும், அது திங்கலன்னா ஊசி போடாம எனக்குப் போன் போடுங்க என்றார். அப்படியே செய்தோம். அரை அரையாக ஏற்றி இரண்டு யூனிட்டில் கொண்டுவந்து நிறுத்தினார். அதற்குப் பிறகு பழையபடி கால் ஊன்றி நடந்தது, மதில் மேல்கூட ஏறியது. அந்த வீடியோவைத்தான் உனக்கு அனுப்பினோம்.

இதில் ஒரு காரியம் உனக்குச் சொல்ல வேண்டும். அம்மா போட்டுக்கொள்ளும் மருந்து நாற்பது என்று எழுதிய பாட்டில், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பருத்தியின் மருந்து நூறு என்று எழுதியது, இரண்டரை மடங்கு வீரியம், அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. மாறினால் ஆபத்து என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டதால் தனித்தனி டப்பாவில் வைத்திருந்தேன்.

கருமாதி முடிந்து கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. குறுக்குப் பாதையில் வந்தால் சீக்கிரம் வீடு சேரலாம் என்று வண்டியைக் காட்டுவழியில் விட்டேன். கரிசல் மண் சக்கரத்தில் அப்பி மட்கார்டுக்குள் இறுகிவிட்டது. குச்சியால் குத்திக் குத்தி எடுப்பேன், பத்தடி உருளும், மறுபடியும் இறுகும். அம்மாவுக்குப் போன் போட்டேன். நீங்க பைய வாங்க, அதுக்கு நானே போட்டுக்கிடுதேன் என்றாள். ஆரஞ்சு மூடி, ரெண்டு கோடு என்று சொன்னேன். எனக்குத் தெரியாதா, வைங்க போனை என்றாள். அவள் பாதி நாள் எனக்கு முன்னால் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொள்கிறவள், எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

பொழுது அடைகிற நேரத்துக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா தரையில் உட்கார்ந்து பருத்தியை மடியில் போட்டுக்கொண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதன் கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன, வாயோரம் நுரை. சர்க்கரையைக் கரைத்து ஈறில் தடவினேன், மிஷினில் குத்தினேன், நம்பர் வராமல் குறைவு என்று மட்டும் காட்டியது. இசக்கிமுருகன் ஆட்டோவை எடுத்தான். டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றினார், எவ்வளவு போட்டீங்க என்று அம்மாவைக் கேட்டார். ரெண்டுதாம்மா போட்டேன், ரெண்டே ரெண்டு கோடு என்றாள் அம்மா. எந்த மூடி என்று கேட்டார். டாக்டரம்மா மேஜை மேலிருந்து இரண்டு சிரிஞ்சை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அம்மா இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தாள், கற்பகம். பார்க்கவில்லை, தடவினாள். அப்புறம், எல்லாம் ஒரே புகையாத்தான் தெரியுது, நான் கோட்டை எண்ணல, இழுக்கிற கைப்பதத்துலதான் எடுப்பேன் என்றாள். தன் சிவப்பு மூடியில், தன் கைப்பழக்கத்துக்கு, அந்த நூறு மருந்தை இழுத்திருக்கிறாள்.

பூனையைக் கூட மறந்துவிட்டேன். ஆடியிலிருந்து அவளுக்குத் தலைசுற்றல், வேர்த்து விழுதல், மறுநாள் பார்த்தால் சர்க்கரை முந்நூறு, எல்லாவற்றுக்கும் நான் காப்பியில் கருப்பட்டி போடுகிறாள் என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் தன் மருந்தையும் தடவித்தான் எடுத்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னா நீங்க மகளுக்குச் சொல்லுவீங்க, அவ அங்கன வேலையைப் போட்டுட்டு ஓடியாருவா என்றாள்.

பருத்தி அன்று கண் திறந்தது. பிழைத்துக்கொண்டது என்றுதான் நினைத்தோம். ஆனால் மூளையில் அடிபட்டுவிட்டது என்றார் டாக்டரம்மா. கூப்பிட்டால் திரும்பவில்லை, பாலைத் துணியில் நனைத்து விட்டாலும் வழிந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் அம்மா மடியிலேயே அடங்கியது. கொல்லையில் முருங்கைக்குப் பக்கத்தில் நான் குழி வெட்டினேன், மழை ஈரத்தில் மண் மம்பட்டியை விடவில்லை. அம்மா அழவே இல்லை. நான்தான் அழுதேன். அன்று அவள் தனக்கு ஊசி வேண்டாம் என்றுவிட்டாள், ஒரு உசுர எடுத்த மருந்து எனக்கு எதுக்கு என்றாள். டாக்டரம்மாவே வீட்டுக்கு வந்து, தப்பு மருந்துலயும் இல்ல, உங்க மனசுலயும் இல்லம்மா, கண்ணுல என்று சொன்ன பிறகுதான் கையை நீட்டினாள். இப்போது நான்தான் எடுத்துப் போடுகிறேன். திருநெல்வேலியில் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து அது போன மாதிரிதானாம், இடது கண்ணை லேசர் வைத்து இருக்கிற மட்டுக்குக் காப்பாற்றலாம் என்கிறார். ஒரு தடவை வைத்தாயிற்று. தை பிறக்கும் முன் மறுபடி போக வேண்டும். நீ வர வேண்டியதில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். எழுத முடியவில்லை. லீவு கிடைத்தால் வா.

நீயும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது சர்க்கரை பார்த்துக்கொள், நம் குடும்பத்து ரத்தம் அது. மாப்பிள்ளையிடம் கோபப்படாமல் இரு. இருவரும் நோய்நொடி இல்லாமல், பிள்ளைச் செல்வத்தோடு நிறைந்து வாழ வேண்டும் என்று அம்மாவுக்கும் சேர்த்து நான் ஆசீர்வாதம் எழுதுகிறேன்.

ஒன்றை மறந்துவிடாதே. போன ஞாயிறு நீ பருத்தி எங்கே என்று கேட்டபோது, கொல்லையில வெயில் காயுது என்று அம்மா சொன்னாள் அல்லவா. இந்த ஞாயிறும் அப்படித்தான் சொல்வாள். காட்டு என்று கேட்காதே, சரி என்று சொல். என்றைக்காவது அவளாக வாய் திறப்பாள். அன்றைக்கு இப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி அவளோடு சேர்ந்து அழு. என்னிடம் அவள் அழ மாட்டேன் என்கிறாள்.

உன்னையே நினைத்திருக்கும் அப்பா,
தங்கப்பாண்டியன்